ஒரு கமா போதும், மகளே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆங்கில மெயில் வரைவுகளைப் படித்தேன். வாக்கியங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஓ, வாவ், வெல், யெஸ், நோ என்று வியப்பிடைச்சொற்கள் வரும் இடங்களில்தான் நிறுத்தக்குறிகள் தடுமாறுகின்றன.

இந்தச் சொற்கள் எழுவாயோடும் ஒட்டாது, பயனிலையோடும் ஒட்டாது. எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ஒட்டாத சொல் இது என்று காட்டத்தான் குறி. எந்தக் குறி என்பது வாய்விட்டுப் படித்தால் தெரிந்துவிடும். குரல் லேசாக நின்று தொடர்ந்தால் கமா: 'வாவ், தட் வாஸ் குவிக்.' இதில் 'தட்' சிறிய எழுத்தில் தொடங்கும். குரல் உயர்ந்து அங்கேயே முடிந்தால் ஆச்சரியக்குறி: 'வாவ்! தட் வாஸ் குவிக்.' இப்போது 'தட்' புது வாக்கியம், பெரிய எழுத்து.

நீ அதிகம் விடுவது 'நோ'வுக்குப் பின் வரும் கமாவை. வாடிக்கையாளர் உன்னிடம், 'வரைவு அப்படியே போகலாமா?' என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள். 'நோ, சேஞ்சஸ் ஆர் நீடட்' என்று எழுதினால், 'இல்லை, மாற்றங்கள் தேவை' என்று பொருள். கமா இல்லாமல் 'நோ சேஞ்சஸ் ஆர் நீடட்' என்றால், 'மாற்றம் எதுவும் வேண்டாம்' என்று ஆகிவிடும். முன்னதில் 'நோ' தனித்து நின்று பதில் சொல்கிறது. பின்னதில் 'சேஞ்சஸ்' என்ற பெயர்ச்சொல்லோடு போய் ஒட்டிக்கொள்கிறது. அவர் திருத்தாத வரைவையே அச்சுக்கு அனுப்பிவிடுவார். 'வெல்'லும் இப்படித்தான். 'வெல், டன் வித் தட்' என்றால் 'சரி, அது முடிந்தது'; 'வெல் டன்' என்றால் 'சபாஷ்'.

நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் கமா வேண்டும்: 'தி பஸ், அலாஸ், ஹேட் லெஃப்ட்.' ஒரு பக்கம் மட்டும் போட்டால் வாக்கியம் நொண்டும். கடைசியில் வந்தால் முன்னால் கமா, கேள்வியாக இருந்தால் பின்னால் கேள்விக்குறி: 'யூ ஆர் கமிங், ரைட்?' 'ஓ யெஸ்', 'ஓ நோ' இரண்டும் ஒரே மூச்சில் வருபவை. நடுவே கமா வேண்டாம், முடிந்த பிறகு போடு. உரையாடலில் 'வாவ்!' என்று மேற்கோளை மூடிவிட்டால், 'ஷீ செட்' என்பதற்கு முன் இன்னொரு கமா வராது. 'ஷீ'யும் சிறிய எழுத்தில்தான்.

பள்ளியில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் 'அலாஸ்!' என்றால் துக்கம் என்று படித்திருப்பாய். இன்றைய ஆங்கிலத்தில் அது பழமையாகவோ விளையாட்டாகவோ ஒலிக்கும். இரங்கல் மெயிலில் எழுதவே எழுதாதே. 'ஐ ஆம் வெரி சாரி டு ஹியர் திஸ்' என்று முற்றுப்புள்ளி வை. அங்கே ஆச்சரியக்குறி வந்தால் படிப்பவர் மனம் நோகும்.

மற்ற மெயில்களிலும் ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் வேண்டாம். மூன்று போட்டால் மகிழ்ச்சி மூன்று மடங்காகத் தெரியாது, பதற்றமாகத்தான் தெரியும். 'ஹாய்'க்கும் பெயருக்கும் நடுவே கமா போடுவது இலக்கணப்படி சரி. ஆனால் மெயிலில் பெயருக்குப் பின் மட்டும் போடுவதே வழக்கமாகிவிட்டது, அதையே வைத்துக்கொள்.

நம் 'ஐயோ'வை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 2016-இல் சேர்த்துக்கொண்டது. அதற்கும் இதே விதிதான்: 'ஐயோ, ஐ மிஸ்டு தி ட்ரெயின்.' தம்பிக்கு எழுதும்போது தாராளமாகப் போடு, மேலதிகாரிக்கு வேண்டாம்.

திருத்திய வரைவை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா