கடைசி வரிசை மெஷின் ஏன் அணைந்து போகிறது? கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி, கல்லூரிக் கணினி ஆய்வகங்களின் பொறுப்பாசிரியர்களுக்கும், பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் தலைமையாசிரியர்களுக்கும், முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

கோடை விடுமுறைக்குப் பூட்டிய ஆய்வகத்தை ஜூனில் திறக்கிறீர்கள். நாலைந்து மெஷின்கள் மாவு மில் போல இரைகின்றன. ஒன்றிரண்டு, ஆன் செய்த பத்து நிமிடத்தில் தானாக அணைகின்றன. இன்னொன்று 'சிபியூ ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்' என்று கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. பிள்ளைகள் எஃப்1-ஐத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் அந்த மெஷின் மேல் 'பழுது' என்று தாள் ஒட்டியாகிவிடும். "போர்டு போயிடுச்சு சார், புதுசுதான் வாங்கணும்."

இதை எழுதும் நாங்கள் கணினி பழுது பார்ப்பவர்கள். சொல்ல வந்தது ஒன்றுதான். மூடியைக் கழற்றாமலும் வெப்பத்தை அளக்காமலும் சொல்லப்படும் எந்தத் தீர்ப்பையும் ஏற்காதீர்கள், அது ஃபேன் மாற்றும் பில்லாக இருந்தாலும் சரி, போர்டு போன கதையாக இருந்தாலும் சரி.

முதலில் அந்த எஃப்1. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுதாகப் படியுங்கள். இரண்டு மாதம் மின்சாரம் இல்லாமல் கிடந்த பழைய மெஷினில் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே பதிந்த மென்பொருள்) பேட்டரி தீர்ந்திருந்தாலும் எஃப்1 கேட்கும். அப்போது 'சிமாஸ் செக்சம்' என்றோ 'டேட் அண்ட் டைம்' என்றோ வரும், கடிகாரமும் பழைய ஆண்டைக் காட்டும். அதற்கு வேண்டியது சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி மட்டுமே. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும், 2.7-க்குக் கீழே இறங்கிவிட்டால் மாற்றிவிடலாம்.

'சிபியூ ஃபேன்' என்றே வந்தால், அதாவது மெஷினின் மூளையான சிபியூ சிப்பைக் குளிர்விக்கும் ஃபேனைப் பற்றியே எரர் என்றால், மூடியைத் திறந்து பாருங்கள். ஃபேன் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் விஷயம் தெளிவு. சுற்றியும் எரர் வருகிறது என்றால், வயர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். போர்டில் 'சிபியூ ஃபேன்' என்று அச்சிட்ட இடத்தில் இருக்க வேண்டியதை 'சிஸ்டம் ஃபேன்' இடத்தில் செருகியிருந்தால், ஃபேன் நன்றாகச் சுற்றும், பயாஸுக்கு மட்டும் அது தெரியாது. வேகத்தைச் சொல்லும் மூன்றாவது வயர் அறுந்திருந்தாலும் இதே கதைதான்: ஃபேன் ஓடும், பயாஸில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சுழியம் காட்டும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சில போர்டுகளின் பயாஸில் ஃபேன் வேகக் கண்காணிப்பை 'இக்னோர்' என்று மாற்ற முடியும். எரர் செய்தி போய்விடும், வந்தவரும் பில் போட்டுவிட்டுப் போய்விடுவார். வீட்டில் புகை வந்தால் கத்தும் அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டுப் போவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. உங்கள் மெஷின்களின் பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தைத் திறந்து, சிபியூ ஃபேன் எதிரே எண் இருக்கிறதா, 'இக்னோர்டு' என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வெப்ப அளவு. எச்டபிள்யூமானிட்டர், கோர் டெம்ப் போன்ற, சிப்பின் வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சர்ஸ் போதும். மெஷினை ஆன் செய்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் முழு வேலை கொடுங்கள், மறுபடி குறியுங்கள். அப்போதைய அறை வெப்பத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாத கணக்கு பாதிக் கணக்குதான். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அறையின் காற்றைத்தானே அள்ளிக் கொட்டுகிறது? ஏசி ஓடும் அறையில் 26 டிகிரியில் 70 காட்டிய மெஷின், அக்கினி நட்சத்திரத்தில் ஏசி ஓடாத 38 டிகிரி அறையில், அதே வேலைக்கு அதே ஃபேன் வேகத்தில் ஏறக்குறைய 82 காட்டும். அது பழுதில்லை. ஆனால் டிசம்பரிலேயே 90-ஐத் தொடும் மெஷின் மே மாதத்தைத் தாண்டாது. இன்டெல் கோர் வகைகளில் பல, 100 டிகிரியை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் பட்டென்று அணைந்துவிடும். கடைசி வரிசை மெஷின் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

எண்ணைவிட, எண் ஏறும் விதம்தான் பழுதைக் காட்டிக்கொடுக்கும். வேலை கொடுத்த சில நொடிகளிலேயே 90-க்குத் தாவுகிறது, ஆனால் ஹீட்சிங்கை (சிப்பின் மேல் அமர்ந்து அதன் சூட்டை வாங்கும் உலோகப் பாகத்தை) தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை என்றால், சிப்பின் சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் நடுவே பூசிய தெர்மல் பேஸ்ட் என்ற பசை காய்ந்திருக்கும், அல்லது ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் பின் கழன்றிருக்கும். எண் மெல்ல மெல்ல ஏறி, ஹீட்சிங்கும் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது என்றால், சூடு ஹீட்சிங்குக்கு வந்துவிட்டது, வெளியேறத்தான் வழியில்லை. தூசியையும் காற்று வரும் பாதையையும் பாருங்கள். வெப்பம் 50-இலேயே நிற்கிறது, இருந்தும் மெஷின் அணைகிறது என்றால் ஃபேனை விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), யுபிஎஸ், ரேம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

இன்டெல் சிப்பின் பெட்டியோடு வரும் கூலரை, அதாவது ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த பாகத்தை, நான்கு மூலைகளில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும். ஆய்வக மெஷின்களில் நாங்கள் முதலில் சந்தேகப்படும் இடம் இதுதான். லாரியில் ஆடி வந்த மெஷினிலும், அவசரத்தில் மாட்டிய மெஷினிலும், ஒரு பின் போர்டின் துளைக்குள் முழுதாக இறங்காமல் நிற்கும். மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு பின்னையும் விரல்நுனியில் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். கையோடு வருவதுதான் குற்றவாளி. ஹீட்சிங்க் அந்த மூலையில் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த நூலளவு காற்று போதும் சிப்பை வேகவைக்க. பின்னின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் திசையில் கால் சுற்று திருப்பினால் பின் விடுபடும். மாட்டும்போது முதலில் நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலையாக, 'டிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். வரிசையாக அழுத்தினால் கடைசிப் பின் தகராறு செய்யும்.

கூலரைக் கழற்றியாகிவிட்டால் பழைய பேஸ்டோடு திரும்ப மாட்டாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பக்கமும் துடைத்து, சிப்பின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புது பேஸ்ட் வைத்து அழுத்தினால் போதும், அதுவே பரவிக்கொள்ளும். அப்பளத்துக்கு எண்ணெய் தடவுவது போலத் தடித்துப் பூசினால் பலன் குறையும். ஏஎம்டி ஏஎம்4 வகை மெஷினில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பேஸ்ட் இறுகியிருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது சிப்பும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து கால்கள் வளைந்துவிடும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பவர் கார்டை உருவி, கூலரின் பிடிகளை விடுவித்தபின் அதை இடம் வலமாகத் திருகி இளக்கி, அதன் பிறகே தூக்குங்கள்.

இனி தூசி. "மாதா மாதம் துடைக்கிறோமே" என்பீர்கள். மேலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகள் ஓரளவு சுத்தமாகத்தான் இருக்கும். ஃபேனை ஹீட்சிங்கிலிருந்து கழற்றிப் பாருங்கள். அடியில், அலுமினியத் தகடுகளின் வாயை மூடிக்கொண்டு, சாம்பல் நிறக் கம்பளித் துண்டு ஒன்று படுத்திருக்கும். சாக்பீஸ் தூள், துணி இழை, தலைமுடி எல்லாம் சேர்ந்து நெய்த துண்டு அது. விரலால் பிடித்தால் அப்படியே தோலாக உரிந்து வரும். சில ஆய்வகங்களில் வெப்பம் 15, 20 டிகிரி இறங்குவதற்கு இதை உரித்து எடுத்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

சுத்தம் செய்வதற்கு முன் பவர் கார்டை உருவிவிட்டு, மெஷினை வராந்தாவுக்குக் கொண்டு போங்கள். அறைக்குள் ஊதினால் ஒரு மெஷினின் தூசி இன்னொன்றுக்குக் குடிபெயரும், அவ்வளவுதான். ஒரு அங்குல பெயின்ட் பிரஷால் தளர்த்தி, பிறகு ப்ளோயர். ப்ளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் தன் வேகத்தைப் போலப் பல மடங்கு வேகத்தில் சுற்றிப் பேரிங் கெட்டுப்போகும். ப்ளோயர் அடித்த மறுநாளே ஃபேன் கரகரவென்று கத்தத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். கேபினெட்டின் பின்பக்கத்தில் கழன்றுபோன ஸ்லாட் தகடுகள் இருந்தால் அவற்றையும் அடைத்துவிடுங்கள். பல்லிக்கு அது திறந்த வாசல். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் நுழைந்த பல்லி தானும் சாகும், எஸ்எம்பிஎஸ்ஸையும் சாகடிக்கும்.

வெப்பம் சரியாக இருந்தும் சத்தம் மட்டும் வருகிறதா? எந்த ஃபேன் என்று கண்டுபிடிக்க, செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் அருகிலும் கொண்டுபோங்கள். சந்தேகப்படும் ஃபேனின் நடுக்குமிழை, ரப்பர் வைத்த பென்சிலால் இரண்டு நொடி மெல்ல அழுத்தி நிறுத்துங்கள். சத்தம் நின்றால் அதுதான். டிக் டிக் என்று சீராக வந்தால் ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது, கேபிள் டை ஒன்று போதும். காலையில் ஆன் செய்ததும் கத்தி, ஐந்து நிமிடத்தில் அடங்கினால் ஸ்லீவ் பேரிங்கின் எண்ணெய் வற்றியிருக்கிறது. நடு ஸ்டிக்கரைப் பாதி உரித்தால் சிலவற்றில் ரப்பர் மூடி இருக்கும். அதற்கடியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும், துரு நீக்கும் ஸ்பிரே இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். எண்ணெய் விடுவதும் புது ஃபேன் வரும்வரை நாள் கடத்தத்தான். வெப்பம் ஏறாத போதே ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் இரைந்தால், வயர் முனையில் நான்கு பின் உள்ள ஃபேனுக்குப் பதில் யாரோ மூன்று பின் ஃபேன் மாட்டியிருக்கலாம். பயாஸில் அந்த ஃபேனை 'பிடபிள்யூஎம்' என்பதிலிருந்து 'டிசி' என்று மாற்றிப் பாருங்கள்.

புது ஃபேன் வாங்கக் கிளம்பும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அகலம் 80, 92, 120 மில்லிமீட்டரில் எது, பின்கள் எத்தனை, ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்தே வாங்க வேண்டும். சில பிராண்டட் டெஸ்க்டாப்புகளில் ஃபேன் கனெக்டர் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் பொது ஃபேன் அதில் சேராது, சேர்ந்தாலும் எரர் போகாது. மாட்டும்போது, ஸ்டிக்கரும் குறுக்குச் சட்டங்களும் உள்ள பக்கமாகத்தான் காற்று வெளியேறும் என்பதை நினைவில் வையுங்கள். முன்பக்க ஃபேன் உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க ஃபேன் வெளியே தள்ள வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் ஃபேனைச் சோதிக்க அதைத் திறக்கவே வேண்டாம். மெல்லிய தாள் துண்டை அதன் பின்பக்க ஜாலியில் காட்டுங்கள், வெளிப்பக்கமாகப் பறக்க வேண்டும். பறக்காவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள். கார்டை உருவிய பின்னும் அதன் கெபாசிட்டர்களில் ஆளை உதறித் தள்ளும் மின்சாரம் இருக்கும். உள்ளே இருக்கும் ஃபேனை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது ஆசிரியர்களின் வேலையோ மாணவர்களின் வேலையோ இல்லை.

மேசைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேபினெட்டை மரப்பெட்டிக்குள் வைத்துக் கதவு போடும் மேசைகள் அழகாக இருக்கின்றன. உள்ளே மெஷின் தான் கக்கிய சூட்டையே திரும்ப மூச்சாக இழுக்கிறது. பின்பலகையைக் கழற்றிவிடுங்கள், சுவருக்கும் கேபினெட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். செலவே இல்லை.

இனி உங்களிடம் கேட்பது. அடுத்த ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தத்தில் 'காலாண்டுப் பராமரிப்பு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, விடுமுறைக்கு முன்னும் திறப்பதற்கு முந்தைய வாரத்திலும், ஒவ்வொரு மெஷினிலும் கூலர் ஃபேனைக் கழற்றித் தூசி எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். வேலை முடிந்ததும் மெஷின் எண், அறை வெப்பம், சும்மா இருக்கும்போது வெப்பம், பத்து நிமிட வேலைக்குப் பின் வெப்பம், ஃபேன் ஆர்பிஎம் ஆகிய ஐந்தையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், பயாஸில் 'இக்னோர்' போட்டிருந்தால் பில் பாஸ் ஆகாது என்றும் எழுதுங்கள். பதிவேட்டுக்கு ஒரு 40 பக்க நோட்டு போதும். 'பழுது' என்று தாள் ஒட்டிய மெஷின்களைக் கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன், முதல் பக்கத்தை அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்போர் சிலர்