அந்தப் பத்தியை வேறு லோகோவின் கீழ் ஒட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு பெரிய நிறுவனம் லோகோவை மாற்றியது பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். புதிய வடிவம் 'நாளைய தலைமுறையோடு உணர்வுபூர்வமாக உரையாடுகிறது', 'நிறுவனத்தின் ஆன்மாவை வெளிக்கொணர்கிறது' என்றெல்லாம் இருந்தது. யார் சொன்னது என்று தேடினால் யாருமே சொல்லவில்லை, செய்தியாளரே சொல்வது போல அச்சாகியிருக்கிறது. இந்த வாக்கியங்கள் எங்கே தயாராகின்றன என்று எனக்குத் தெரியும். வடிவமைப்பு ஆலோசகர்களிடம் வேலை வாங்கும் பக்கத்தில் உட்கார்ந்து பல வருடமாக இவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டங்களில் திரையில் ஸ்லைடு மேல் ஸ்லைடாக ஓடும், வடிவம் மட்டும் வராது. கடல் வரும், மலை வரும், சிரிக்கும் குழந்தை வரும், ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள் கண்டிப்பாக வரும். பிராண்ட் டிஎன்ஏ, எம்பதி, ஹோலிஸ்டிக், ஸ்டோரிடெல்லிங் என்று அரை மணி நேரம் கேட்ட பிறகு லோகோ வரும்போது, 'இதில் கம்பெனி பெயரே படிக்க முடியவில்லையே' என்று சொல்ல அந்த அறையில் யாருக்கும் வாய் வராது. சொன்னால் 'விஷன்' இல்லாத ஆள் ஆகிவிடுவோம். வடிவத்தை விளக்க வந்த சொற்கள் மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கத்தான் அவை நன்றாகப் பயன்படுகின்றன.

ஒருமுறை எங்களிடம் வந்த ஆவணத்தில் மூன்று லோகோக்கள் இருந்தன. அவர்கள் பரிந்துரைத்தது வளைவான ஒன்று. 'இந்த வளைவு நம்பிக்கையையும் முன்னேற்றத்தையும் ஒருசேரச் சுட்டுகிறது, உள்ளிருக்கும் வெற்றிடம் வாடிக்கையாளரை உள்ளே அழைக்கிறது' என்று அதன் கீழே ஒரு பத்தி. அதை அப்படியே வெட்டி, அவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய இன்னொரு வடிவத்தின் கீழ் ஒட்டி, 'வளைவு' இருந்த இடத்தில் 'கோணம்' என்று மட்டும் மாற்றி, சக ஊழியர்கள் சிலருக்கு அனுப்பினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. இந்த வடிவம் இப்போதுதான் சரியாகப் புரிகிறது என்று பதில் வேறு வந்தது! எந்த லோகோவுக்கும் பொருந்துகிற விளக்கம் எந்த லோகோவையும் விளக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

உலகம் முழுக்கச் சிரித்த உதாரணம் பெப்சி. 2008-ல் அர்னெல் என்ற நிறுவனம் அதன் லோகோவை மாற்றிக் கொடுத்தது. அதற்காக எழுதிய 27 பக்க ஆவணம் அடுத்த ஆண்டு இணையத்தில் கசிந்தது. பார்த்தினான் கோயில், மோனாலிசா, தங்க விகிதம், பூமியின் காந்தப்புலம், பிரபஞ்சம் விரிவது, பெப்சிக்கென்று தனியாக ஒரு ஈர்ப்பு விசை, எல்லாம் அதில் உண்டு. விஷயம் என்னவென்றால் வட்டத்துக்குள் இருந்த வெள்ளைப் பட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் புன்னகை மாதிரி ஆக்கியிருந்தார்கள். 2023-ல் அதையும் மாற்றி, பெயரைப் பழையபடி வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பிரபஞ்சம் விரிவது நின்றுவிட்டதோ என்னவோ.

அதே அர்னெல், அப்போது பெப்சியின் தாய் நிறுவனமான பெப்சிகோவிடம் இருந்த இன்னொரு பிராண்டான டிராபிகானா ஜூஸ் பெட்டியையும் 2009 ஜனவரியில் மாற்றியது. ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படம் போய் ஒரு கண்ணாடி டம்ளர் ஜூஸ் வந்தது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் விழுந்தது. பழக்கமான பெட்டியைக் காணோம் என்று வாங்குகிறவர்கள் புகார் செய்ய, பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அலமாரிக்கு முன்னால் நிற்கிறவரின் கண் எதைத் தேடும் என்ற சாதாரணக் கேள்வி, ஈர்ப்பு விசை பேசுகிற இடத்தில் எழுவதே கஷ்டம்.

தொழில் சொற்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வேறுபாடு, குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க வசதியாக எழுதப்பட்ட இணைய அணுகல் விதிமுறை (WCAG) சொல்கிறது. ஆலோசகர் அதைச் சொன்னால் நான் கருவியை வைத்து அளந்து பார்க்கலாம், தவறென்றால் தவறு என்று சொல்லலாம். 'இந்த நீலம் நம்பகத்தன்மையைக் கதிர்வீசுகிறது' என்றால் எதை வைத்து அளப்பது?

வாதாடி விற்பதும் குற்றமில்லை. 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் (NeXT) கணினி நிறுவனத்துக்காக அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட் 1 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு, மாற்று எதுவும் காட்டாமல் ஒரே ஒரு லோகோ கொடுத்தார். கூடவே அதை விளக்க ஒரு சிறு புத்தகம். அதுவும் விற்பனைப் பேச்சுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பெயரில் e மட்டும் ஏன் சிறிய எழுத்து, லோகோவாக இருக்கும் கனசதுரம் ஏன் 28 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்களோடு வாதாடினார் மனிதர். பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடியும்.

அப்புறம், ஆலோசகர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்தப் பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். மேலிடம் 'ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய்' என்று கேட்டால் நீட்ட ஒரு தடித்த ஆவணம் வேண்டும், நாளைக்கு வேலைக்கு ஆகாமல் போனாலும் 'நிபுணர்களே சொன்னார்கள்' என்று ஒதுங்கிக்கொள்ளலாம். 'எங்களுக்கு இது அழகாகத் தெரிந்தது, தூரத்திலிருந்து படிக்க முடிகிறது' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கிற நேர்மையான வடிவமைப்பாளருக்கு ஒப்பந்தம் கிடைப்பது சந்தேகம்தான்.

பத்திரிகையிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது பழைய லோகோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எவ்வளவு செலவு, எதற்காக மாற்றினார்கள், பயன்படுத்துகிறவர்களிடம் காட்டிச் சோதித்தார்களா என்று நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் போடலாம். ஆன்மா வகையறாவை மேற்கோள் குறிக்குள் அடைத்து, சொன்னவர் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்