கீதாரியின் தாடியைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

2020 பிப்ரவரி இறுதியில் தொடங்கி, நடுவில் மூன்றாண்டுகள் நின்றுபோய், 2024 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை 38 திரையரங்குகளில் வெளியாகி, அடுத்த வியாழனுக்குள் எல்லாவற்றிலிருந்தும் இறங்கிவிட்ட ஒரு சிறு முதலீட்டுப் படத்தில், உரத்துக்காகச் செம்மறி மந்தையை இரவில் வயல்களில் அடைத்துக் கிடை போடும் கீதாரியாக நான் நடித்திருந்தேன். படத்தைப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை. பார்த்தவர்களில் சிலர் பாராட்டி எழுதினார்கள். ஒரு வார இதழின் விமர்சனத்தில் என்னைப் பற்றி ஒன்றரை வரி வந்தது. அந்த ஒன்றரை வரிக்கு உரிமையுள்ளவர்கள் வேறு பலர் இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன். அவர்களின் பெயர்களை இங்கே சொல்லவில்லை. பெயரைப் போட்டால் கடன் கேட்டு இன்னும் நாலு நடிகர்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள் என்று மளிகைக் கடை அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா என்று எல்லார் பெயரையும் விட்டுவிட்டேன்.

சினிமாக்காரர்கள் நிறைந்த சென்னைச் சாலிகிராமத்துக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் முகம் காட்டியிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் நான் இரண்டாவது காவலர், அல்லது டீக்கடையில் பேப்பர் படிப்பவர், அல்லது பஞ்சாயத்தில் "ஆமாங்க, அவன்தான்" என்று எழுந்து நின்று சொல்பவர். ஒரு கதாபாத்திரத்துக்குப் பெயரும், பெண்ணும், பேச இருபது பக்க வசனமும் எனக்குக் கிடைத்தது இந்தப் படத்தில்தான். எனவே இயக்குநர் தம்பி, "அண்ணே, தாடியும் முடியும் வளரட்டும், கத்தி படக் கூடாது" என்று சொன்னபோது நான் யோசிக்கவே இல்லை.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் படப்பிடிப்பு நடந்தது. 23 நாட்கள் எடுத்து முடித்திருந்த நிலையில், கொரோனா அச்சத்தால் மார்ச் 19 முதல் படப்பிடிப்புகள் நிறுத்தப்படுவதாகத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி அறிவித்தது. இன்னும் 14 நாள் வேலை பாக்கியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 75 பேருக்கு மிகாமல் படப்பிடிப்பு நடத்தலாம் என்று அரசு அனுமதி தந்தபோது, எங்கள் குழுவில் மொத்தமே 40 பேர்தான் என்பதால் விதி எங்களுக்குத் தடையாக இருக்கவில்லை. பணம்தான் தடையாக இருந்தது. தயாரிப்பாளரின் சொந்தத் தொழில் அந்த ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. "அடுத்த மாதம் போகிறோம்" என்று கம்பெனியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சினிமாவில் அடுத்த மாதம் என்பது நாட்காட்டியில் உள்ள மாதம் அல்ல என்பது எனக்குத் தெரிந்திருந்தும் நம்பினேன். பணம் ஓரளவு திரண்ட பிறகும் உடனே கிளம்ப முடியவில்லை. அறுவடை முடிந்த வயலில் தாள் நிற்க வேண்டும், கண்மாயில் பாதித் தண்ணீர் கிடக்க வேண்டும், அப்போதுதான் முன்பு எடுத்த காட்சிகளோடு பொருந்தும். அந்த இரண்டும் சேர்ந்து அமைவது வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டின் மாசி மாதத்தில்தான். ஒரு மாசியைத் தவறவிட்டால் அடுத்த மாசி வரை காத்திருக்க வேண்டும். இப்படி இரண்டைத் தவறவிட்டு, 2023 பிப்ரவரியில்தான் மீண்டும் போனோம்.

அந்த மூன்றாண்டும் நான் தாடியோடு இருந்தேன். தாடியை எடுக்கச் சொல்லிக் கேட்ட படங்கள் பதினொன்று. எல்லாமே காவலர், வழக்கறிஞரின் குமாஸ்தா, வங்கி ஊழியர் வேடங்கள்; இரண்டு நாள், மூன்று நாள் வேலைகள்; ஆனாலும் என் வீட்டு வாடகை அப்படிப்பட்ட இரண்டு நாட்களால் ஆனது. தாடியோடு கிடைத்த ஒரே வேடத்துக்கு ஒரு நிறுவனம் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பி வந்ததோடு, அதற்கு வங்கி என்னிடமே கட்டணமும் பிடித்துக்கொண்டது.

முதல் நன்றி எங்கள் தெரு முடிதிருத்தும் நிலையத்துத் தம்பிக்கு. மார்ச் 18ஆம் தேதி மாலை கடைசி ஷாட் முடிந்ததும் உதவி இயக்குநர் தம் கைப்பேசியில் என்னை நேராகவும் இரு பக்கவாட்டிலும் பிடித்த மூன்று படங்களை அந்தத் தம்பி தன் கடைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். இருபது நாளைக்கு ஒருமுறை என்னை உட்காரவைத்து, அளவுகோலை மோவாயில் பிடித்து, வளர்ந்ததை மட்டும் நறுக்கிவிடுவார். மூன்று வருடத்தில் எனக்கு நரை கூடிவிட்டது. கீதாரிக்குக் கூடக் கூடாது. இரண்டாம் கட்டப் படப்பிடிப்புக்கு முந்தைய இரவு, தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, புதிதாக வெளுத்த முடிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிக் கருப்பாக்கினார். மூன்றரை மணி நேரம் ஆயிற்று. காசு கொடுக்கப் போனபோது, "ரிலீஸ் அன்னைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுங்க அண்ணே, போதும்" என்றார். படத்தின் ஒப்பனைக் கலைஞர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரே ஆளாக ஒன்பது நடிகர்களுக்குப் பவுடர் போட்ட அவரே அந்தத் தாடியைப் பார்த்து வியந்தார்.

அடுத்து என் துணைவிக்கு. கீதாரியின் பச்சைச் சட்டையின் இடது தோளில், குட்டியைத் தூக்கிச் சுமந்ததால் படிந்த செம்மண்ணும் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்த ஒரு கறை உண்டு. அந்தக் கறையோடுதான் பாதிக் காட்சிகள் எடுக்கப்பட்டிருந்தன. கம்பெனி அலுவலகத்தைக் காலி செய்தபோது காஸ்டியூமர் அந்தச் சட்டையை என்னிடமே ஒப்படைத்துவிட்டார். துவைக்கவும் கூடாது, பூச்சி அரிக்கவும் கூடாது. என் துணைவி அதைப் பழைய அரிசிச் சாக்கில் சுற்றி, வசம்பும் வேப்பிலையும் போட்டுப் பரண்மேல் ஏற்றினார். வேப்பிலையை மாதந்தோறும் மாற்றினார். ஊரிலிருந்து வந்த என் அக்கா, "இந்த நாத்தத்தையா வீட்டுக்குள்ள வச்சிருக்க?" என்று அதை வாளியில் முக்கப் போன நேரத்தில், ஓடிவந்து பிடுங்கியதும் அவர்தான். என் துணைவியும் நாத்தனாரும் அதற்குப் பிறகு எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பிணக்குக்கும் இந்தச் சட்டையே காரணம் என்பதை ஒப்புக்கொண்டு, இருவரிடமும் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வயிற்றுப்பாட்டைக் கவனித்துக்கொண்டவர் ஒரு கல்யாண சமையல் காண்டிராக்டர். பந்தியில் தாடியோடு பரிமாறக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. ஆனால் வேலை இல்லை என்று சொல்லாமல் என்னைக் காய் நறுக்கும் இடத்தில் உட்காரவைத்து, ஒரு முகூர்த்தத்துக்கு 700 ரூபாயும் மறுநாளுக்கான சாப்பாடும் கொடுத்தார். திடீரென்று படப்பிடிப்புக்கு அழைப்பு வந்தால் போய்விடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். வைகாசி முகூர்த்த நெரிசலில் ஒரு டப்பிங் வேலைக்காக அப்படிப் போனபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. மளிகைக் கடை அண்ணாச்சியைப் பற்றி அதிகம் எழுதினால் கோபித்துக்கொள்வார். அவருடைய நோட்டில் என் பக்கம் ஒரு கட்டத்தில் 14,000 ரூபாயைத் தாண்டியிருந்தது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

படம் நின்றுபோனால் முதலில் சாவது அதன் ஹார்டு டிஸ்க்தான். படத்தொகுப்பாளர் சம்பளம் வராத அந்த மூன்றாண்டும், எடுத்த காட்சிகளை இரண்டு பிரதிகளாகத் தம் வீட்டு இரும்பு பீரோவில் வைத்து, மாதம் ஒருமுறை இணைத்து ஓட்டிப் பார்த்து வந்தார். அதில் ஒன்று 2022இல் உண்மையிலேயே செயலிழந்தது. இன்னொன்று இல்லாவிட்டால் என் தாடிக்கு எந்த அர்த்தமும் இருந்திருக்காது.

இனி கீதாரி ஐயா. படத்தில் வரும் ஆடுகள் அனைத்தும் அவருடையவை. தழை ஒடிக்கும் கொக்கிக் கம்பான தொரட்டியை எந்தக் கையில் பிடிப்பது, மந்தையை எந்தச் சத்தத்தால் திருப்புவது, கம்பை ஊன்றி அதன்மேல் சாய்ந்து கண்ணை மூடாமல் எப்படி அசருவது என்று நான்கு இரவுகள் கிடையில் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் என் நடையைப் பார்த்து, "இவரு கடைக்குப் போற மாதிரில்ல நடக்கிறாரு" என்று அவர் சொன்னது, இந்தப் படத்தில் எனக்குக் கிடைத்த சரியான இயக்கம் என்றே இன்றும் கருதுகிறேன். இயக்குநர் தம்பி பொறுத்தருள வேண்டும்.

2023இல் மீண்டும் போனபோது பெரிய சிக்கலாக நின்றது குட்டிதான். நான் தோளில் சுமந்த குட்டி மூன்றாண்டில் வளர்ந்து, தானே பல குட்டிகளுக்குத் தாயாகிவிட்டது. தாடியைக் காப்பாற்றலாம், சட்டையைக் காப்பாற்றலாம், ஆட்டின் வயதை யார் காப்பாற்றுவது? கீதாரி ஐயா அப்போது கிடையோடு தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தார். செய்தி கேட்டதும் மந்தையை மகனிடம் விட்டுவிட்டுப் பேருந்தேறி வந்து, ஐந்து ஊர்க் கிடைகளைச் சுற்றி, இடது காதில் அதே போல வெள்ளைத் திட்டு உள்ள ஒரு குட்டியைத் தேடி, குட்டிகளை அடைக்கும் பனையோலைக் கூடாப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். படத்தில் ஒரு ஆடு நடந்து போனாலும் விலங்குகள் நல வாரியத்தின் அனுமதி இருந்தால்தான் தணிக்கைக்குப் போக முடியும். திருவான்மியூரில் இருந்த அந்த அலுவலகம் 2018இல் ஹரியானாவுக்குப் போய்விட்டது. குட்டிக்கான சான்றுக்காக உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் அலைந்து, புதிய குட்டிக்கான தாள்களைத் தயார்செய்து அனுப்பிய உதவி இயக்குநர், அந்தச் சமயத்தில் சினிமாவை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர். 14 நாட்கள் காரை நிறுத்திவிட்டு, வசனம் எடுத்துக்கொடுப்பதற்காகவும் அவரே வந்தார். அந்த நாட்களுக்கான கார்த் தவணையை யார் கட்டினார் என்று கேட்டேன். இன்றுவரை பதில் சொல்லவில்லை.

டப்பிங்கில் இன்னொரு இடர். மூன்றாண்டில் என் குரல் இறங்கியிருந்தது. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இரண்டு ஆட்கள் பேசியது போல் இருந்தது. கம்பெனியால் இரண்டு கால்ஷீட்டுக்குத்தான் பணம் கட்ட முடிந்தது. ஒலிப்பதிவாளர் மூன்றாவது இரவை எந்தக் கணக்கிலும் எழுதாமல், விடியும்வரை உட்கார்ந்து, முழு வசனத்தையும் என்னைத் திரும்பப் பேசவைத்தார்.

வெளியீட்டு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பகல் 11:30 காட்சிகள். பத்துப் பேராவது வராவிட்டால் காட்சியையே ரத்து செய்துவிடுவார்கள். சனிக்கிழமை எங்கள் பகுதித் திரையரங்கில் நான்கு சீட்டுகள்தான் விற்றிருந்தன. சமையல் காண்டிராக்டர், முந்தைய இரவு கல்யாண வேலை முடித்துத் தூங்கப் போகவிருந்த பதினாறு பேரை அப்படியே வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். அவர்களில் பாதிப்பேர் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டார்கள் என்பது உண்மை. காட்சி நடந்தது என்பதும் உண்மை.

தரமான சிறு முதலீட்டுப் படங்களுக்குத் தமிழக அரசு வழங்கும் 7 லட்சம் ரூபாய் மானியத்துக்குத் தயாரிப்பாளர் விண்ணப்பித்திருக்கிறார். அவர் எனக்குப் பேசிய சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல், மனை ஒன்றை விற்றுத் தந்தவர் என்பதையும் பதிவு செய்கிறேன். தாடியை அந்த முடிதிருத்தும் தம்பியே எடுத்துவிட்டார். கண்ணாடி ஓரத்துப் படங்களை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார்.

கீதாரி ஐயா இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. படம் ஓடிய அந்த ஒரு வாரமும் அவர் திரையரங்கே இல்லாத ஏதோ ஒரு மேய்ச்சல் காட்டில் இருந்தார். மேட்டூர் அணை திறந்து டெல்டாவில் நடவுக்குத் தண்ணீர் பாய்ந்ததும் கிடை ஊர் திரும்பும் என்று அவர் மகன் சொன்னார். அப்போது ஒரு மடிக்கணினியோடும், ஒரு ஜோடி வேட்டி துண்டோடும், அந்தப் பச்சைச் சட்டையோடும் போகவிருக்கிறேன். சட்டையை இன்னும் துவைக்கவில்லை.

நன்றியுடன்,
கீதாரியாக நடித்தவன்,
சாலிகிராமம், சென்னை.