கணினிக்குள் ஒரு சமூகம்

ஐயா,

மனிதர்களிடையே நம்பிக்கை உருவாகும் விதத்தைக் கணினியில் ஆராய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் ஆக்சல்ராடு, ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு நடத்திய போட்டியோடு நின்றுவிட்டது. முதலில் ஒத்துழைத்து, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே திருப்பிச் செய்யும் கணித உளவியலாளர் அனடோல் ராபபோர்ட்டின் சின்னஞ்சிறு நிரல் அதில் வென்றது பலரும் அறிந்த கதைதான்.

ஆக்சல்ராடே 1986-இல் வெளியிட்ட இன்னொரு கணினி மாதிரி இதைவிட ஆழமானது. அதில் 20 கற்பனை மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் துணிச்சல், தண்டிக்கும் முனைப்பு என இரண்டே குணங்கள். விதியை மீறுபவருக்கு 3 புள்ளி லாபம், மற்ற ஒவ்வொருவருக்கும் 1 புள்ளி நட்டம். தண்டனை பெற்றால் 9 புள்ளி போய்விடும், ஆனால் தண்டிப்பவரும் தம் கையிலிருந்து 2 புள்ளியை இழக்க வேண்டும். வரிசையில் குறுக்கே நுழைபவரைத் தட்டிக்கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவர்களுக்கு (நானும் அவர்களில் ஒருவன்) அந்த 2 புள்ளியின் வலி தெரியும். மாதிரியில் அதிகப் புள்ளி பெற்றவர்களின் குணங்களே அடுத்த தலைமுறையில் பெருகும். ஆகவே அங்கும் தட்டிக்கேட்பவர்கள் குறைந்ததால் ஒழுங்கு குலைந்தது. கண்டும் காணாமல் இருந்தவர்களையும் தண்டிக்கலாம் என்று விதியைக் கூட்டியபோதுதான் அது நிலைத்தது.

ஆனால் 2005-இல் கலான், இஸ்கியெர்தோ என்ற ஆய்வாளர்கள் அதே மாதிரியை மீண்டும் எழுதி, 100 தலைமுறைகளோடு நிறுத்தாமல் நெடுங்காலம் ஓடவிட்டபோது, அந்த ஒழுங்கும் பெரும்பாலும் சரிந்துபோனது. எனவே, இத்தகைய கட்டுரைகளில் முடிவை மட்டும் தராமல், எத்தனை முறை, எவ்வளவு காலம் ஓட்டிப் பார்த்தார்கள் என்பதையும் குறிப்பிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர் ஒருவர்