பதினொரு புள்ளிச் சேலை

அன்புள்ள மீனா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். "மரப்பாச்சிக்கு ரெடிமேடு டிரெஸ் செட்டே ஆன்லைன்ல கிடைக்குதும்மா, ஏன் கண்ணைக் கெடுத்துக்கிற" என்றாய். கோபமெல்லாம் இல்லை, தாயி. பேச ஆரம்பித்தால் நீளும், உனக்கோ பஸ் வந்துவிட்டது. அதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாச்சியின் மரப்பாச்சி ஜோடி உனக்கு நினைவிருக்கும். 1954-ல் அவர்களுக்குக் கல்யாணமான வருஷம், தலைக்கொலுவுக்குத் தாய்வீட்டுச் சீராக வந்தது. திருப்பதியில் வாங்கிய செஞ்சந்தன மரம், ஓரடி உயரம். ராணியின் பீடம் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது கல்லில் இழைத்து உன் உடம்பில் தடவிய பக்கம் அது.

வருஷா வருஷம் கொலுவுக்கு முதல் நாள் ராத்திரிதான் எனக்கு இந்த ஜோடியின் ஞாபகமே வரும். பழைய துணிக்கு மேலேயே புதுத் துணியைச் சுற்றிப் பசையைத் தடவி ஒட்டிவிடுவேன். இந்தத் தடவை எடுத்தபோது ராணி ரொம்பக் குண்டாகிவிட்டாள். சரி, கழற்றிப் பார்ப்போமென்று உட்கார்ந்தேன். மேலே போன வருஷத்து ரோஸ் நெட். அதன் கீழே சாட்டின், அதற்குக் கீழே சம்கி ஒட்டிய வெல்வெட், அப்புறம் என் பச்சைத் தாவணித் துண்டு ஒன்று. பசை காய்ந்து அப்பளம் மாதிரி உடைந்தது. ஈரத்துணியை வைத்து வைத்து எடுக்க இரண்டு மத்தியானம் ஆனது.

கடைசி அடுக்கில் பசையே இல்லை. வெளுத்துப்போன அரக்குச் சுங்குடி. இடுப்பில் வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டு, கொசுவத்தைப் பின்பக்கம் வைத்து, விசிறி மாதிரி விரித்துத் தைத்திருந்தது. மொத்தம் பதினொரு புள்ளி. அச்சுப் புள்ளி இல்லை, கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் முக்கிய புள்ளி. விரலால் தடவினால் ஒவ்வொன்றும் கொஞ்சம் மேடு தட்டுகிறது, வட்டமும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. என் அம்மாவின் தையல் எனக்குத் தெரியும். இடது கைக்காரி, ஊசி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து போயிருக்கும்.

அந்தச் சேலையை நான் பார்த்திருக்கிறேன். அம்மா தினப்படி அடுப்படியில் கட்டியது. பிறகு உன் மாமாவுக்குத் தொட்டிலாகக் கிடந்தது. மிச்சமிருந்ததை வேறு நாலு சேலையோடு சேர்த்து, தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கியது நான்தான். நல்ல பேரம் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு! வாளி இன்னும் பரணில் இருக்கிறது. கைப்பிடிதான் போய்விட்டது.

அம்மாவின் கல்யாணப் பட்டு இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது. பட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஆயிரம் தடவை கட்டிய நூல் சேலைதான் தொட்டிலாகி, கரித்துணியாகி, கடைசியில் அடையாளமே இல்லாமல் போகிறது. பின்கொசுவம் வைத்து அம்மா நடமாடியதற்கு நம்மிடம் ஒரு போட்டோகூடக் கிடையாது. போட்டோவுக்கு என்றால் எல்லாரும் பட்டுதானே கட்டினார்கள்!

இதையெல்லாம் உன்னிடம் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் லண்டனில் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் இருக்கிறதல்லவா, அங்கே நம் மரப்பாச்சி மாதிரியே ஒரு மர ஜோடி இருக்கிறது. கிளாப்பம் பிரபு, கிளாப்பம் சீமாட்டி என்று பெயர். 1690-க்கும் 1700-க்கும் நடுவில் செய்தது, 1974-ல் மியூசியம் வாங்கியிருக்கிறது. உட்கார ஆளுக்கொரு நாற்காலிகூட உண்டு. அதைவிட, உள்பாவாடை, காலுறை, இடுப்பை இறுக்கும் கச்சு என்று உள்ளே போடுவது எல்லாம் அப்படியே இருக்கிறது. வெயில் படாமலிருக்க அந்தக் காலத்துச் சீமாட்டிகள் வெளியே போகும்போது மாட்டிக்கொண்ட கறுப்பு முகமூடிகூட இருக்கிறது. பிரபுவுக்கு வீட்டில் போட்டுக்கொள்ள ஒரு தொளதொள அங்கி. அந்த மாதிரி அங்கிக்கு அங்கே 'பனியன்' என்றும் பெயர் இருந்ததாம்! உன் அப்பா இதைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தார். ஜரிகை போட்ட கோட்டும் கவுனும் எந்த அரண்மனையிலும் இருக்கும். உள்பாவாடையை எப்படித் தைத்தார்கள், எதன்மேல் எதைப் போட்டார்கள் என்பதற்கெல்லாம் அங்கே இந்த இரண்டு பொம்மைகளைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

அதிலிருந்து பொம்மைத் துணி சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். காரைக்குடிச் சித்தி அவர்கள் மாமியாரின் கண்டாங்கிச் சேலையில் கிழியாத ஒரு முழம் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுப் பெரியம்மா புட்டாக்கை வைத்த ஒரு ரவிக்கை கொடுத்தார்கள். அதை வெட்ட மனசு வரவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் யாருடையது, எந்த ஊர், எப்போது கட்டியது என்று எழுதி ஒரு சீட்டைக் கட்டிவிடுகிறேன்.

இதில் பெரிய தொல்லை அளவுதான். ஆளை அஞ்சில் ஒரு பங்காகக் குறைக்கலாம், நூல் கனம் குறையுமா? கண்டாங்கிக் கட்டம் ஒன்றே ராணியின் முழங்கால்வரை வருகிறது. நாலு விரல் கரை போட்டால் பாதி உடம்பு கரைதான். புதுத் துணியில் கொசுவம் வைத்தால் குடை விரித்த மாதிரி நிற்கிறது. அம்மா வைத்த கொசுவம் மட்டும் எப்படி இப்படிப் படிந்தது என்று பிறகுதான் புரிந்தது. நைந்த துணியாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். அதோடு உள்சுற்று கிடையாது. வெளியே தெரியும் சுற்றுக்கு மட்டும்தான் துணி.

மீனாட்சி கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகு, சாமி விக்கிரகங்களுக்குப் பாவாடை தைக்கும் டெய்லர் ஒருவரை அங்கே தேடிப் பிடித்தேன். ராஜாவின் சட்டைக்கு அவர்தான் வழி சொன்னார். பொம்மைக் கை மடங்காது, அதனால் முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்து, நாடா வைத்துக் கட்ட வேண்டுமாம். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு டப்பா அதிரசம் கொடுத்தேன்.

இந்தப் பெட்டி ஒருநாள் உன்னிடம்தான் வரும், அதனால் இதையும் கேட்டுக்கொள். குண்டூசி குத்தாதே, துரு ஏறும். ரப்பர் பேண்ட் போட்டால் ஜரிகை கறுத்துப்போகும். பிளாஸ்டிக் கவரே வேண்டாம், துவைத்துத் துவைத்து மெலிந்த அப்பாவின் வேட்டிதான் சுற்றிவைக்கத் தோது. அந்தச் சுங்குடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நனைக்காதே. பூச்சிக்கு வசம்பு போட்டிருக்கிறேன், வாசனை பிடிக்காது என்று எடுத்துப் போட்டுவிடாதே.

ஒரு லீவு நாளில் தெற்கு கென்சிங்டன் போய் அந்தக் கிளாப்பம் ஜோடியைப் பார்த்துவிட்டு வா. டிக்கெட் கிடையாது என்றுதான் போட்டிருக்கிறது. முகத்தைப் படம் எடுக்க வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. பக்கவாட்டில் நின்று, அந்தப் பாவாடை மடிப்பு இடுப்பில் எப்படிச் சேர்கிறது என்று பார்த்து எடு. கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் கொஞ்சம் தள்ளி நில்.

அடுத்த கொலுவுக்கு ராணிக்கு என்ன போடப்போகிறேன் தெரியுமா? நைட்டி. மேலே ஒரு துண்டு. உன் அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார். மதுரையில் காலையில் பால் வாங்க வரும் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தானே நிற்கிறோம்? ராஜாவுக்கு அப்பாவின் கட்டம் போட்ட கைலியிலேயே ஒரு துண்டு வெட்டிவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது, நீ போனில் உளறிவிடாதே.

காலேஜுக்கு நீ போட்டுக்கொண்டு போன அந்த நீலச் சுடிதார், முழங்கையில் நூல் விட்டது, அங்கே வைத்திருக்கிறாயா? இருந்தால் வரும்போது கொண்டு வா. துவைத்து இஸ்திரி போட வேண்டாம், அப்படியே கொண்டு வா.

அன்புடன்
அம்மா