சாளைக் கணக்கு

அன்புள்ள முருகேசா,

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததாக எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். வர முடியவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே; அந்த வாரம் வீட்டில் ஆள் மாற்றி ஆள் காய்ச்சல்.

நடுவில் சில வருடம் சாளை (மத்தி) மீன் எங்கே போனது என்று கேட்டிருந்தாய். கேரளாவில் 2012-இல் கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் பிடித்தார்கள். 2021-இல் 3,500 டன்கூட இல்லை. தென்மேற்குப் பருவத்தில் அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே ஏறும். அதில் நுண்பாசி பெருகும், அதைத் தின்று சாளை பெருகும். 2015-இல், பசிபிக் கடல் சூடேறி உலக வானிலையையே மாற்றும் எல் நினோ வந்து, நம் கடலும் சூடானது. நாமோ குஞ்சுச் சாளையையும் விடாமல் அள்ளினோம். இரண்டும் சேர்ந்துதான் அடித்தது என்று நினைக்கிறேன்.

இங்கே இப்போது எல்லாம் போன்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் நிலையம், செயற்கைக்கோள் தரும் கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் நுண்பாசியின் பச்சையத்தையும் வைத்து, மீன் கூடும் இடத்தைத் தமிழிலேயே அனுப்புகிறது: எந்தக் கரையிலிருந்து, எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம். மலையை அடையாளம் வைத்துக் கணியம் பார்த்தே, மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடிக்கிற என் சித்தப்பாகூட, வள்ளம் இறக்கும் முன் அதை ஒருமுறை எட்டிப் பார்க்கிறார். டீசல் மிச்சமாகிறதே! மேகம் மூடினால்தான் தகவல் வராது. சாளைக் காலமே மழைக்காலம், என்ன செய்ய?

எனக்கு உறுத்துவது வேறு. அதே தகவல் பெரிய விசைப்படகுக்கும் போகிறது. எங்கே பிடிக்கலாம் என்று சொல்கிற தரவு, எப்போது நிறுத்தலாம் என்றும் சொல்ல வேண்டாமா? பெருவில் நெத்திலி இனத்துக்கு அப்படிச் செய்கிறார்கள். 2023-இல் கடல் சூடேறி, சோதனைக்கு வலை போட்டதில் குஞ்சுகளே அதிகம் ஏறியதும், வட-மத்தியக் கடலில் அந்த வருடத்தின் முதல் பருவத்தையே ரத்து செய்துவிட்டார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து விசைப்படகுகளுக்கு, கிழக்குக் கரையில் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கரையில் குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கடல் எப்படி இருந்தாலும் தேதி மாறாது.

அப்புறம், ஒரு உதவி. உன் மருமகன் புள்ளியியல் படித்தவர் என்றாயே. எங்கள் சங்கத்தில் பழைய ஏலக் கணக்கு நோட்டுகள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. அவற்றை அந்தந்த வருடத்துக் கடல் வெப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
ஜெரால்டு