ஜொகூர் நண்பனுக்கு, துடிப்பலையைப் பற்றி

சுங்கை சிப்புட்

அன்புள்ள சேகரனுக்கு,

உன் கடிதமும் அதனோடு அனுப்பிய நிரலும் கிடைத்தன. மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். இங்கே அனைவரும் நலம். நம் பழைய லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயிலில் வாசிக்க இசைக்குழு மறுபடியும் கூடியிருக்கிறது. நீ எழுதிய சிந்தசைசரை, அதாவது கணினியில் ஒலியை உருவாக்கும் அந்த நிரலை, மடிக்கணினியில் ஏற்றி ஒத்திகையில் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் மாறி மாறித் தாவும் துடிப்பலை, கீழ்ச்சுரங்களில் சுத்தமாக ஒலித்து, மேலே போகப் போக ஏன் கரகரக்கிறது, வாசிக்காத சுரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு சாம்பிளுக்கும் (ஒலியைக் கணினி ஓர் எண்ணாகக் குறிக்கும் ஒவ்வொரு கணத்துக்கும்) கட்டத்தை, அதாவது அலை தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்ணை, சிறிது கூட்டி, ஒன்றை எட்டினால் ஒன்றைக் கழித்து, கட்டம் அகல அளவுக்குள் (சுற்றில் அலை மேலே நிற்கும் பங்குக்குள்) இருந்தால் +1, இல்லாவிட்டால் −1 என்று எழுதியிருக்கிறாய். கணக்கு சரிதான். ஆனால் துடிப்பலையின் விளிம்பு செங்குத்தானது. அப்படிப்பட்ட விளிம்பில் ஹார்மோனிக்குகள் (அடிப்படைச் சுரத்தின் மடங்குகளாக வரும் மேல்சுரங்கள்) முடிவில்லாமல் அடங்கியிருக்கும். நொடிக்கு 44,100 சாம்பிள் என்னும்போது 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. இடம் கிடைக்காதவை ஒழிந்துபோவதும் இல்லை; கீழே மடங்கி வருகின்றன. அலியாசிங் என்பது இதைத்தான்.

3,000 ஹெர்ட்ஸ் சதுர அலையை, அதாவது அகலம் 50 விழுக்காடான துடிப்பலையை, எடுத்துக்கொள். 3,000, 9,000, 15,000, 21,000 ஆகியவை ஒழுங்காக வரும். அடுத்து வரவேண்டிய 27,000, மடங்கி 17,100 ஆகும். 33,000 என்பது 11,100 ஆகும். 39,000 என்பது 5,100 ஆகும். 45,000 ஹெர்ட்ஸில் இருக்கவேண்டிய பதினைந்தாவது ஹார்மோனிக்கோ 900 ஹெர்ட்ஸில், நீ வாசித்த சுரத்துக்கும் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் வீச்சு அடிப்படைச் சுரத்தின் வீச்சில் பதினைந்தில் ஒரு பங்கு. கோயில் ஒலிபெருக்கியில் அது நன்றாகவே கேட்கும். நம் பாட்டுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சுருதியை வளைக்கும் பிட்ச் வீலைத் தள்ளிக் கமகம் கொடுக்கும்போது, சுரம் மேலே ஏற ஏற, 17,100-இல் இருப்பது சுரம் ஏறும் அளவைப்போல் ஒன்பது மடங்கு ஹெர்ட்ஸ் கீழே இறங்கும். 900-இல் இருப்பது பதினைந்து மடங்கு மேலே ஏறும். நின்று ஒலிக்கும் சுரத்தில் வெறும் கரகரப்பாகத் தோன்றியது, சுரம் வழுக்கும்போது தனி ஆளாகப் புறப்பட்டுத் தன் போக்கில் ஓடுகிறது.

அலையின் வடிவத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது; விளிம்பு விழும் நேரத்தைத்தான் கவனிக்கவேண்டும். உண்மையான விளிம்பு இரண்டு சாம்பிள்களுக்கு நடுவில் எங்கோ விழுகிறது. உன் நிரல் அதை அடுத்த சாம்பிளுக்குத் தள்ளிவிடுகிறது. 3,000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 14.7 சாம்பிள்களே இருப்பதால், தள்ளிப்போகும் அளவு சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. இதற்கு 1996-இல் ஆய்வாளர்கள் ஸ்டில்சனும் ஜூலியஸ் ஸ்மித்தும் ஒரு வழி காட்டினார்கள். நமக்கு 2007-இல் வாலிமாகியும் ஹுவோவிலைனெனும் விளக்கிய, விளிம்பை ஒட்டிய சாம்பிள்களை மட்டும் திருத்தும் பாலிபிளெப் முறை போதும், செலவும் குறைவு.

விளிம்பிலிருந்து சாம்பிள் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைச் சாம்பிள் இடைவெளியின் பின்னமாகக் கணக்கிட்டு, அதை ‘ப’ என்று வைத்துக்கொள். விளிம்பைக் கடந்த முதல் சாம்பிளில் 2ப − ப² − 1 என்பதைக் கூட்டு. விளிம்புக்கு முந்தைய சாம்பிளில் ‘ப’ எதிர்க்குறி எண்; அங்கே ப² + 2ப + 1 என்பதைக் கூட்டு. ஏறும் விளிம்புக்கு இது. இறங்கும் விளிம்புக்கு, கட்டத்தை அகல அளவிலிருந்து எண்ணி, இதே தொகையைக் கழித்துவிடு. மற்ற சாம்பிள்களைத் தொடவே வேண்டாம்.

இதனால் எல்லா அலியாசிங்கும் போய்விடாது. 17,100-இல் விழுந்தது ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகத்தான் குறையும். ஆனால் 900-இல் விழுந்தது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் இந்தத் திருத்தம் 44,100-ஐ ஒட்டியுள்ளவற்றையே மிகக் கடுமையாக அடக்குகிறது. காதை உறுத்தும் தாழ்ந்த அலைகள் அங்கிருந்து மடங்கி வருபவைதான். கூடவே 21,000 ஹெர்ட்ஸும் பாதிக்குக் கீழே குறையும். நம் வயதில் அதைக் கேட்கும் காது யாருக்கு இருக்கிறது?

அகலத்தைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். 50 விழுக்காட்டில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் மறையும். 25-இல் ஒவ்வொரு நான்காவதும் மறையும். 75-ஐயும் 25-ஐயும் தனியாகக் கேட்டால் வேறுபாடு தெரியாது. ஆகவே உன் குமிழின் மேல்பாதி வீண். 10 விழுக்காட்டில் வரும் மூக்கொலி உருமி மேளத்தின் நடுவிலும் தெளிவாக எழுகிறது, எனக்குப் பிடித்ததும் அதுவே. அந்த இடத்தில் அலையின் சராசரி −0.8 ஆகிவிடுவதால், அகலத்தை இரட்டித்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணை வெளியீட்டிலிருந்து எடுத்துவிடு. 5 விழுக்காட்டுக்குக் கீழே போகாதே. 3,000 ஹெர்ட்ஸில் அதுவே ஒரு சாம்பிளை விடக் குறுகியது.

துடிப்பலை என்பது, தள்ளி வைத்த இரண்டு ரம்பப்பல் அலைகளின் (சாய்வாக ஏறிச் சட்டென விழும் அலைகளின்) வித்தியாசம்தான். எல்எஃப்ஓ (மிக மெதுவாக ஆடும் கட்டுப்பாட்டு அலை) அகலத்தை ஆட்டும்போது அவற்றில் ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து, அதன் சுருதி சற்றே பிசகுவதால், இருவர் சேர்ந்து வாசிப்பதுபோல ஒலி தடிக்கிறது. அகலத்தைக் குமிழால் திருப்பும்போது மட்டும் படிப்படியாகக் கேட்கிறது, ஏனெனில் குமிழின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் மிடி எண் 0 முதல் 127 வரைதான். 1982-இல் வந்த கொமடோர் 64 கணினியின் சிட் என்னும் ஒலிச் சில்லிலேயே அகலத்துக்கு 4,096 படிகள் இருந்தன. குமிழ் சொல்லும் இடத்துக்கு ஒரே தாவலில் போகாமல், ஒவ்வொரு சாம்பிளிலும் சிறிது சிறிதாக நகரும்படி எழுது.

திருத்திய நிரலைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பாவது அனுப்பு. ஒத்திகைக்குக் கோயில் மண்டபம் இரவில்தான் கிடைக்கிறது.

அன்புடன்,
தனபாலன்